அரிக்கும் பரு

முகப்பரு பெரும்பாலும் அரிக்காது. நோகும், சிவக்கும், சீழ் வைக்கும், அமத்தினால் கண்ணில் தண்ணி வரும். ஆனால் முதுகைக் கொண்டுபோய்க் கதவு நிலையில் தேய்க்க வைக்காது. காலபோக வெட்டு முடிந்து, வயல் காய்ந்து, பங்குனி வெயில் ஏறத் தொடங்குகிற நாட்களில் துணுக்காய், மல்லாவிப் பக்கத்து இளம் பிள்ளைகள் சிலருக்குத் தோள்மூட்டிலிருந்து முதுகின் நடுவரைக்கும் கடுகளவில் பருக்கள் எழும்பும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். வியர்த்தால் சுணைக்கும், வெயிலில் நின்றுவிட்டு வந்தால் இன்னும் கூடும். வீட்டில் அதைப் பரு என்பார்கள். வயசுக்கு வாறது, கலியாணம் கட்டினால் போயிடும் என்பார்கள். பாமசியில் போய்க் கேட்டால் பருவுக்குக் கொடுக்கிற குளுசையையே கொடுப்பார்கள். அதை ஒழுங்காகக் குடித்து முடித்த பிறகு முதுகைப் பார்த்தால், பருக்கள் முன்னையை விட அதிகமாகியிருக்கும்.

மருந்து போட்டும் கூடுகிறதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பருவின் பின்னால் இருப்பது பற்றீரியா இல்லை, மலசீசியா என்கிற ஒரு மதுவம். பங்கசுக் கூட்டத்தைச் சேர்ந்த ஒற்றைக் கல உயிர். அது மயிர்க்காலுக்குள் பெருகி, அந்தக் குழியை அழற்றுகிறபோது வெளியே தெரிவதுதான் இந்தக் கொப்பளம். தோல் வைத்தியர்கள் இதை மலசீசியா மயிர்ப்புடைப்பழற்சி என்று எழுதுவார்கள். ஊரில் பேசுவதற்குப் பங்கசுப் பரு என்பது போதும்.

மலசீசியா வெளியிலிருந்து வந்து தொற்றிய ஒன்றில்லை. இதை வாசிக்கிற உங்கள் நெற்றியிலும் காது மடலின் பின்னாலும் தலையிலும் இந்த நேரத்தில் அது இருக்கிறது. பிறந்து சில வாரங்களுக்குள் தாயின் தோலிலிருந்து பிள்ளையின் தோலுக்கு வந்துவிடுகிறது. பச்சைப் பிள்ளைகளின் கன்னத்தில் சில நாட்கள் தோன்றி மறைகிற சிறு கொப்பளங்கள் சிலவற்றுக்கும் அதற்கும் தொடர்பு சொல்லப்படுகிறது. பிறகு அது அடங்கிக் கிடக்கும். பருவ வயதில் ஓமோன்களின் தூண்டலால் நெய்ச்சுரப்பிகள் விழித்துக்கொண்டு முகத்திலும் நெஞ்சிலும் மேல்முதுகிலும் எண்ணெயைப் பொழியத் தொடங்க, அதுவும் பெருகும். ஆகவே இந்தப் பரு வந்த பிள்ளையை ஊத்தை என்று ஏசுவதில் அர்த்தமில்லை. ஒரே வீட்டில் ஒருவரின் துவாயை மற்றவர் எடுத்ததால் வந்தது என்று குற்றம் சாட்டுவதற்கும் இடமில்லை.

இந்த மதுவத்திடம் ஒரு குறை இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் விளக்குவது அந்தக் குறைதான். அதற்குக் கொழுப்பமிலம் செய்யத் தெரியாது. உயிருள்ள கலம் ஒவ்வொன்றுக்கும் மென்சவ்வு வேண்டும், மென்சவ்வுக்குக் கொழுப்பமிலம் வேண்டும். பாணுக்குப் போடுகிற மதுவம் சீனியைக் கொடுத்தால் போதும், தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே கட்டிக்கொள்ளும். மலசீசியாவால் முடியாது. 2007ஆம் ஆண்டு அதன் இனங்களில் ஒன்றான மலசீசியா குளோபோசாவின் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது இது ஐயமின்றித் தெரிந்தது. ஏறத்தாழ 90 இலட்சம் எழுத்துகள், 4,300 அளவில் பரம்பரையலகுகள். பங்கசுக்களில் இது மிகச் சிறிய தொகுதிகளில் ஒன்று; பாண் மதுவத்துக்கு 120 இலட்சம் எழுத்துகளும் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகளும் உண்டு. மலசீசியாவில் கொழுப்பமிலத்தைக் கட்டுகிற நொதியத்துக்கான பரம்பரையலகு இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக, பிறர் செய்த கொழுப்பை உடைத்துத் தின்னுகிற நொதியங்கள் ஏராளம். எங்கள் தோலின் எண்ணெயை நம்பி வாழ்ந்து வாழ்ந்து, சொந்தமாகச் செய்கிற வழியையே அது கைவிட்டுவிட்டது.

ஆய்வுகூடத்தில் இதை வளர்க்க முயன்றவர்கள் பல பத்தாண்டுகள் திண்டாடியதும் இதனால்தான். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய றோடா பென்ஹாம் 1939இல் இதற்குக் கொழுப்பு வேண்டும் என்பதைக் காட்டினார். அதன் பிறகு வளர்ப்பூடகத்தின் மேல் ஒலிவ் எண்ணெயை ஊற்றி வளர்ப்பது வழக்கமாகிவிட்டது. எண்ணெய் ஊற்றினால் வளர்கிறது, ஊற்றாவிட்டால் வளராது. வெப்பநிலையும் 32 முதல் 35 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் அதற்கு நல்ல வாய்ப்பு. சேட்டுக்குள் மூடி வியர்த்திருக்கிற முதுகுத் தோலில் அந்தச் சூடும் உண்டு, அந்த எண்ணெயும் உண்டு.

எண்ணெய் என்றதும் எங்கள் வீட்டு எண்ணெய்களின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. மலசீசியா பயன்படுத்துகிற கொழுப்பமிலங்களின் சங்கிலி நீளம் ஏறத்தாழ 11 முதல் 24 கரியணுக்கள். தேங்காயெண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம். அதற்கு 12 கரியணு. நல்லெண்ணெயில் பெரும்பங்கு ஒலெயிக், லினோலெயிக் அமிலங்கள், அவற்றுக்கு 18. இரண்டும் அதன் சாப்பாட்டு எல்லைக்குள் வருகின்றன. எண்ணெய் வைத்து முழுகுவதை நான் குறை சொல்லவில்லை. அரப்போ சீயாக்காயோ போட்டு எண்ணெய் போகத் தேய்த்து முழுகினால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் வைத்து வாரி இரட்டைப் பின்னல் கட்டிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, நெற்றியின் மயிர்க்கோட்டிலும் பின்னல் படுகிற முதுகிலும் அரிக்கிற பரு இருந்தால், அந்தப் பிள்ளை குணமாகும் வரைக்கும் எண்ணெயை நிறுத்துவது நல்லது. பருவுக்கு நல்லதென்று சொல்லி அதே இடத்தில் தேங்காயெண்ணெயைத் தடவுவது, ஆய்வுகூடத்தில் தட்டின் மேல் எண்ணெய் ஊற்றியவர்கள் செய்ததையே முதுகில் செய்வதாகும்.

இந்த மதுவத்தின் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு, அது பரவலாகப் பேசப்படுவதில்லை. தேமலும் பொடுகும்கூட இதே மதுவத்தின் வேலை. தேமலை ஒரு பங்கசு உண்டாக்குகிறது என்பதை 1846இல் ஜேர்மனியில் ஐக்ஸ்டெட் கண்டார். பிரான்சில் லூயி-ஷார்ல் மலசே 1874இல் பொடுகுச் செதில்களில் முட்டை வடிவக் கலங்களை விவரித்தார். 1889இல் பையோன் அவர் பெயரையே அதற்கு இட்டார். இவையெல்லாம் குளிர் நாடுகளில் நடந்தவை. வெப்ப நாட்டில் இதே கூட்டத்து உயிர் தோலில் என்ன செய்கிறது என்பதைக் கொழும்பில் உட்கார்ந்து பார்த்தவர் அல்டோ கஸ்தெல்லானி. இத்தாலியரான அவர் 1903இல் இலங்கை அரசின் பற்றீரியவியலாளராக வந்து 1915 வரை இங்கே இருந்தார். பறங்கி நோயை உண்டாக்கும் சுருளியை 1905இல் கண்டதற்காகவே அவர் பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். அதே ஆண்டில் அவர் வெப்பமண்டலத் தேமல் வகைகளைப் பற்றி எழுதினார். கறுத்த தோலில், முகத்திலும் கழுத்திலும், மஞ்சள் கலந்த வெளிர் திட்டாகப் படர்கிற ஒன்றைத் தனி நோய் என்று கருதி அதற்குத் தனிப் பெயரும் கொடுத்தார். இன்று அதை வேறு நோயாக யாரும் கொள்வதில்லை. ஐரோப்பியத் தேமலை உண்டாக்குகிற அதே மலசீசியாக் கூட்டம்தான் அதற்கும் காரணம். ஆனால் எங்கள் தோல் நிறத்தில் நோய் வேறு மாதிரித் தெரியும் என்று கவனித்த அந்தக் கண் எனக்கு மதிப்புக்குரியது. வெள்ளைத் தோலின் படங்களை வைத்து எழுதிய பாடநூல்களில் சிவந்த பரு என்றிருக்கும். வன்னி வெயிலில் கறுத்த முதுகில் அந்தச் சிவப்புத் தெரியாது. தோல் நிறத்திலோ சற்றுக் கருமையாகவோ, சொரசொரப்பாகத்தான் இருக்கும். பார்ப்பதை விடக் கையால் தடவினால் விரைவாகப் பிடிபடும்.

தேமலும் பொடுகும் நெடுங்காலமாகத் தெரிந்தவை. அதே மதுவம் மயிர்க்காலுக்குள் இறங்கிப் பருவாகவும் வரும் என்பது பிந்தித்தான் விளங்கியது. 1969இல் அமெரிக்க மருத்துவர் வியறியும் அவருடன் பணியாற்றியவர்களும், அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களுக்கு அதன் பிறகு எழுந்த பருப்போன்ற கொப்பளங்களைப் பற்றி எழுதினார்கள். கொப்பளத்துக்குள் இருந்தது இந்த மதுவம். 1973இல் வேறொரு குழு இதைத் தனி நோயாக வரையறுத்தது. 1991இல் பிலிப்பைன்சில் இதைப் பற்றி ஆய்வு வந்தது. வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்த நாடுகளில் இது எவ்வளவு சாதாரணம் என்பது அப்படித்தான் மெல்ல மெல்லப் பதிவாகியது.

1969இல் கண்டது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. பருவுக்கென்று கொடுக்கிற டொக்ஸிசைக்ளின் போன்ற குளுசைகள் பற்றீரியாவைக் குறிவைப்பவை. பங்கசில் அவை வேலை செய்யா. மயிர்க்காலுக்குள் பற்றீரியாவும் மதுவமும் ஒரே எண்ணெயைப் பங்கிட்டு, ஒன்றையொன்று அடக்கி வாழ்கின்றன. நெல் வயலில் ஒரு களைக்கு மட்டும் மருந்தடித்தால் அந்த இடத்தை மற்றக் களை பிடித்துக்கொள்வதைக் கண்ட கமக்காரனுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பற்றீரியா குறைய மதுவம் விரிகிறது. ஒரு காட் முடிந்ததும் இன்னொரு காட் வாங்குகிற பிள்ளை தன் காசைக் கொடுத்துத் தன் நோயை வளர்க்கிறது. அமெரிக்காவில் 110 இளையோரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் அண்மையில் பருவுக்காக அன்ரிபயோட்டிக் எடுத்தவர்கள். அரிக்கிறதா என்று கேட்டபோது 65 வீதத்தினர் ஆம் என்றார்கள். பிள்ளைகள் அரிப்பைத் தாங்களாகச் சொல்வதில்லை, பருவென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பருவென்று காட்ட வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அரிக்குதா என்பது.

முக்கால்வாசிப் பேர் பருவுக்கு மருந்து எடுத்தவர்கள் என்ற அந்த எண்ணிக்கையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. பலருக்கு உண்மையான பருவும் பங்கசுப் பருவும் ஒரே நேரத்தில் இருக்கும். இரண்டையும் பிரித்தறியப் பழகிக்கொள்ள வேண்டும், கடினமில்லை.

உண்மையான பருவில் பல பருவங்கள் கலந்திருக்கும். ஓரிடத்தில் கரும்புள்ளி, அருகே வெண்புள்ளி, கொஞ்சம் தள்ளிச் சீழ் வைத்த கட்டி, வேறோரிடத்தில் ஆறின தழும்பு. கன்னமும் மூக்கும் நடுமுகமும் அதற்குப் பிடித்த இடங்கள். பங்கசுப் பருவில் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் இருக்கா. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவில், அச்சில் வார்த்தது மாதிரி ஒரே வகைக் கொப்பளங்கள் கூட்டமாக வரும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் மயிர் வெளிவருகிற இடம் தெரியலாம். மேல்முதுகு, நெஞ்சு, தோள், மேற்கை, நெற்றியின் மயிர்க்கோடு, நாடி ஆகியவை அதன் இடங்கள். முகத்தில் வந்தால் நடுவை விட ஓரங்களையே நாடும். வெக்கை நாட்களில் கூடும். பக்கத்திலேயே தேமலோ, தலையில் பொடுகோ இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

வேர்க்குருவோடும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். வேர்க்குரு வியர்வைக் குழாய் அடைபடுவதால் வருவது. அதற்கும் மயிர்க்காலுக்கும் சம்பந்தமில்லை, நிழலும் காற்றும் கிடைத்தால் சில நாட்களில் அடங்கும். பங்கசுப் பரு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். இரவில் அரிப்புக் கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சொறிந்து, வீட்டில் மற்றவருக்கும் அரித்தால் அது சொறிச் சிரங்கு. அதற்கு வீட்டார் எல்லோரும் ஒன்றாக மருந்து பூச வேண்டும். சவரம் செய்த இடத்தில் நோவோடு சீழ்க் கொப்பளங்கள் வந்தால் அது பற்றீரியா உண்டாக்கிய மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம், அதற்கு அன்ரிபயோட்டிக் உரிய மருந்துதான். வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து அரிப்பது படர்தாமரை. அதுவும் பங்கசே, ஆனால் வேறு வகை.

யாருக்கு இது வரும் என்று பார்த்தால், நாளாந்த வாழ்க்கையே பதில் சொல்லும். காற்றுப் போகாத நைலோன் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு விளையாடி, அதோடேயே வீட்டுக்கு வந்து, அதோடேயே படுக்கிற பெடியன். தலைக்கவசத்தை மாட்டி மாங்குளத்துக்கும் மல்லாவிக்கும் நாள் முழுக்க ஓடுகிறவர். தோளில் உரமூட்டையோ மருந்தடிக்கிற தாங்கியோ சுமக்கிறவர். ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரத்தின் முன் இருந்து வியர்க்கிற பிள்ளைகள். இழுப்புக்கோ வேறு நோய்க்கோ பிரெட்னிசொலோன் குளுசை நீண்ட நாள் குடிக்கிறவர்களுக்கும், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இது கூடுதலாக வரும்.

இனி நான் மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டிய விடயம். அரிப்பு என்றதும் பல கைகள் ஸ்டெரொயிட் கலந்த பூச்சு மருந்துக்குத்தான் நீளுகின்றன. பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்று குழாயில் சிறிய எழுத்தில் இருக்கும். பூசிய சில நாட்களில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பூசியவர் கைகண்ட மருந்து என்று நம்பி அயலவருக்கும் சொல்வார். ஸ்டெரொயிட் மதுவத்தைக் கொல்லவில்லை, அதை எதிர்த்து நிற்கிற உடலின் காவலை அடக்கியது. அடக்கிய காவலின் கீழ் மதுவம் தடையின்றிப் பெருகும். நிறுத்தினால் இருமடங்காக எழும்பும், பயந்து மறுபடியும் பூசுவார்கள். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்போட்டம் தெரிந்து, வெயிலைத் தாங்காத முகமாகிவிடும். ஸ்டெரொயிட்டினாலேயே தனியாகப் பருவும் வரும். முகம் வெளுக்க என்று விற்கப்படுகிற, பெயர்ச்சீட்டு ஒழுங்காக இல்லாத கிறீம்களுக்குள்ளும் ஸ்டெரொயிட்டோ இரசமோ இருக்கக்கூடும். பிள்ளைகள் நல்ல நாள் பெருநாளுக்கு முகம் தெளிய வேண்டும் என்று சேர்த்துவைத்த காசில் அவற்றை வாங்குகிறார்கள். அவர்களை ஏசுவதால் பயனில்லை. கறுப்பாய் இருக்கிறாய், முகமெல்லாம் பரு என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்கிற பெரியவர்கள் அந்தப் பேச்சை நிறுத்தினாலே பாதிக் குழாய்கள் விற்பனையாகா.

இந்தியாவில் இந்தப் பூச்சுகள் செய்த சேதம் பெரிது. ஸ்டெரொயிட், அன்ரிபயோட்டிக், பங்கசு மருந்து மூன்றையும் ஒரே குழாயில் கலந்த கிறீம்கள் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. அதே காலத்தில் படர்தாமரை வழமையான மருந்துகளுக்கு அடங்காத நோயாக மாறியது. டெர்பினபின் என்கிற மருந்தை எதிர்க்கும் புதிய வகைப் பங்கசுக்கு 2020இல் இந்தியாவின் பெயரைத் தழுவியே டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். ஸ்டெரொயிட் பூச்சுகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று இந்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. எங்கள் பக்கம் அந்த நிலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழாயில் எழுதியிருக்கிற மருந்தின் பெயரை வாசிக்கவும், வாசிக்க முடியாவிட்டால் பாமசிக்காரரிடம் "அண்ணை, இதுக்குள்ள ஸ்டெரொயிட் இருக்கோ?" என்று கேட்கவும் ஒவ்வொருவரும் பழக வேண்டும்.

பரிசோதனை எளிது. ஒரு கொப்பளத்தைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் விட்டு, சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அரும்புகிற வட்டக் கலங்கள் கூட்டமாகத் தெரியும். ஊதாக்கதிர் விளக்கின் கீழ் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்வதும் உண்டு. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கசுக்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் வளர்த்துப் பார்ப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை, எல்லோருடைய தோலிலும் இருப்பது யாரிடமிருந்து எடுத்தாலும் வளரத்தான் செய்யும். எவ்வளவு இருக்கிறது, மயிர்க்காலுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நடைமுறையில், தோற்றத்தையும் அரிப்பையும் இடத்தையும் வைத்து வைத்தியர் தீர்மானித்து மருந்தைத் தொடங்குவார். இரண்டு மூன்று வாரத்தில் தோல் தெளிந்தால் அதுவே சான்று.

வைத்தியத்தின் முதற்படி அன்ரிபயோட்டிக்கையும் ஸ்டெரொயிட்டையும் வைத்தியரிடம் கேட்டு நிறுத்துவது. இழுப்புக்கோ வேறு பெரிய நோய்க்கோ குடிக்கிற ஸ்டெரொயிட் குளுசையைத் தானாக நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, பொடுகுக்கு விற்கிற ஷாம்பு. கீட்டோகோனசோல் 2 வீதம் உள்ளது, அல்லது செலினியம் சல்பைட்டு உள்ளது. இதைக் கிறீமைப் போலப் பூசிவிட்டு இருக்கக் கூடாது, தலைக்குப் போட்டதும் அலசுவது மாதிரி உடனே கழுவவும் கூடாது. குளிக்கும்போது நனைந்த முதுகிலும் நெஞ்சிலும் தோளிலும் நுரை வரத் தேய்த்து, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். கிணற்றடியில் அதற்கு நேரம் இருக்கிறது; உடுப்பைத் தோய்த்து முடிக்கிற நேரம் போதும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் நாளாந்தமோ ஒன்றுவிட்ட ஒருநாளோ. முதுகின் நடு எட்டாது, அங்கே இன்னொருவரின் கை வேண்டும், அந்த இடத்தை விட்டுவிட்டால் அங்கிருந்தே திரும்ப வரும். தலையிலும் போட வேண்டும், மதுவத்தின் பெரிய குடியிருப்பு அதுதான். செலினியம் சல்பைட்டுப் போடுவதற்கு முன் சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவைக்க வேண்டும், நகையின் நிறம் கெடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பங்கசுக் கிறீம் பலருக்கு ஏமாற்றம் தருகிறது, மயிர்க்காலின் அடிவரை அது இறங்குவது குறைவு. பரவலாக இருந்தால், ஷாம்புக்கு அடங்காவிட்டால், வைத்தியர் குளுசை எழுதுவார். வழமையாக இட்ராகோனசோல் நாளுக்கு 200 மில்லிகிராம், ஒன்று முதல் மூன்று வாரம், அல்லது புளுகோனசோல். இது பக்கத்து வீட்டாரின் சீட்டைக் காட்டி வாங்குகிற மருந்தில்லை. இதயம் பலவீனமானவர்கள் இட்ராகோனசோல் எடுக்கக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரோல் குளுசைகள் சிலவற்றோடு அது மோதும். காஸ்ரிக்குக்குக் குடிக்கிற ஒமெப்பிரசோல் இட்ராகோனசோல் கப்சியூல் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். கப்சியூலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதி வீண். படர்தாமரைக்குக் குடித்து மிச்சமிருக்கிற டெர்பினபின் குளுசை இதற்கு உதவாது. கீட்டோகோனசோலைக் குளுசையாக எடுப்பதை, ஈரலைப் பாதிப்பதால், ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் நிறுத்தச் சொன்னது. அமெரிக்காவும் அதே ஆண்டு கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஷாம்புக்கு அந்தப் பயம் இல்லை.

பருவும் சேர்ந்திருந்தால் அதற்கு பென்சோயில் பெரொட்சைட்டு, அடபலின் போன்ற பூச்சுகளை வைத்தியர் தருவார். பென்சோயில் பெரொட்சைட்டு பற்றீரியாவைக் கொன்றாலும் வழமையான அன்ரிபயோட்டிக் இல்லை, அதற்கு எதிர்ப்புச் சக்தியைப் பற்றீரியாக்கள் வளர்த்துக்கொள்வதில்லை. துணியில் பட்டால் நிறம் வெளுக்கும், அதனால் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும்.

சில சிறு பழக்கங்களும் உதவும். வேலை முடிந்ததும் வியர்த்த உடுப்பைக் கழற்றிவிட வேண்டும். கிணறு வற்றுகிற ஆடி, ஆவணியில் ஒவ்வொரு முறையும் குளிக்க முடியாதென்றால் ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டுப் பருத்திச் சேட்டு மாற்றினாலும் போதும். வவுனிக்குளத்திலோ வாய்க்காலிலோ முழுகுவதால் இந்த நோய் வருவதுமில்லை, போவதுமில்லை. கடுமையாகத் தேய்க்கிற நாரும் காரமான சவர்க்காரமும் மயிர்க்காலைப் புண்ணாக்கும். சாப்பாட்டில் இன்னதைத் தள்ளினால் மதுவம் அழியும் என்று விற்கப்படுகிற பட்டியல்களுக்காகப் பிள்ளைகளின் சோற்றைக் குறைக்க வேண்டாம்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்தி வைத்தியசாலைக்கு நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிர் திட்டு ஒன்றில் உணர்ச்சி குறைந்திருந்தால், பஞ்சால் தொட்டாலும் தெரியாமலிருந்தால், அதைத் தேமல் என்று விட்டுவிடக் கூடாது. தொழுநோய் இலங்கையில் இன்னும் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்கான மருந்து இலவசம், காலத்தோடு தொடங்கினால் ஊனம் வராமல் முழுமையாகக் குணமாகும். அரிப்பும் நோவும் இல்லாமல் ஒற்றைப் பரு ஒன்று மாதக்கணக்கில் நின்று, பெரிதாகி, நடுவில் புண்ணானால் அது மணல் ஈ கடித்து வருகிற லீஷ்மானியாவாக இருக்கலாம். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். இன்று வடக்கின் காட்டோரங்களுக்கு அது புதிதில்லை. காய்ச்சலோடு கொப்பளங்கள் வந்தாலும், எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வேறு நோயுள்ளவருக்கு வந்தாலும் தாமதிக்க வேண்டாம். மல்லாவி ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவையென்றால் தோல் வைத்திய நிபுணர் இருக்கிற பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். போகும்போது இதுவரை பூசிய, குடித்த மருந்துகளின் வெற்றுக் குழாய்களையும் காட்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். வைத்தியருக்கு அவை அரைமணி நேரக் கதையை விட அதிகம் சொல்லும்.

குணமான பிறகும் மதுவம் தோலிலேதான் இருக்கும், அதை முற்றாக ஒழிக்க எவராலும் முடியாது. ஆகவே அடுத்த பங்குனியில் திரும்ப வருவது வழமை. வாரத்துக்கு ஒருமுறை அதே ஷாம்பு, வெக்கை மாதங்களில் விடாமல் போட்டால் பெரும்பாலானோருக்கு அடங்கியிருக்கும். முதுகில் மிஞ்சுகிற கரும்புள்ளிகள் நோய் இல்லை. அழற்சி ஆறிய இடத்தில் நிறப்பொருள் தங்கியது. மாதக்கணக்கில் எடுத்துத் தானாக மங்கும். அவற்றுக்கு வெளுக்கிற கிறீம் வாங்கிப் பூச வேண்டாம்.